பூளாப்பூவிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள தாவரவியல் இரண்டாம் ஆண்டுத் தோழிகளே, தோழர்களே,

டிசம்பர் கடைசி வகுப்பில் மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வருகிற ஆண்டில் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். பிறகு பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்கள். குரூப் ஃபோர் தேறுவது, அரியர் இல்லாமல் முடிப்பது, பி.எட். சேர்வது, அப்பா வாங்கிய கடனை அடைப்பது, தங்கையையும் கல்லூரியில் சேர்ப்பது. வாசிக்க வாசிக்க வகுப்பில் சத்தமே இல்லை. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அந்தத் தாள்களில் இருந்த எதுவும் விளையாட்டுக்கு எழுதியதல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே டிகிரி கைக்கு வந்த பிறகு நடக்க வேண்டியவை. இந்த ஜனவரி முதல் டிசம்பர் வரை நாம் இதே கல்லூரிக்கு, இதே பஸ்ஸில்தான் வந்துபோகப் போகிறோம். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் செடி கொடியைப் படிப்பவர்களாக நமக்கு என்ன நடக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குள் பதில் வரத் தொடங்கியபோது மேடம் கொடுத்த தாளில் இடம் போதவில்லை. மீதியை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் இலக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடத்தில் இருக்கும் செடியும் வீட்டில் இருக்கும் செடியும் ஒன்றுதான் என்பது என் கைக்கும் கண்ணுக்கும் பழக வேண்டும். தேர்வுத்தாளில் எழுதும் பெயரை, கொல்லை வரப்பில் நிற்கும் செடியைத் தொட்டுச் சொல்ல வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளம்பியவை.

போகிப் பண்டிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அன்றைக்குக் காப்புக் கட்டாத வீடு உண்டா? வேப்பிலை, ஆவாரம்பூ, பூளாப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் கூரையில், மாட்டுக் கொட்டகையில், கிணற்றடியில், கொல்லை மூலையில் செருகுகிறோம். அதே பூளாப்பூதான் நம் வகைப்பாட்டியல் தாளில் ஏர்வா லனாட்டா என்ற பெயரில், அமரந்தேசி குடும்பத்தில் வருகிறது. குடும்பத்தின் பண்புகளை வரிசையாக மனப்பாடம் செய்கிறோம்: புல்லி, அல்லி என்று இரண்டு வட்டம் கிடையாது, பூவிதழ் ஒரே வட்டம், அது காய்ந்த சவ்வு போன்றது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது போதும்.

இப்போது காப்பிலிருந்து ஒரு கொத்தைப் பிரித்து லென்ஸ் அடியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோலத் தெரிவது இதழே அல்ல. பூவிதழ்களின் முதுகில் அடர்ந்து முளைத்த மயிர் அது. ஊசி முனையால் அதை விலக்கினால் உள்ளே கடுகைவிடச் சிறிய பூ. மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து கிண்ணம்போல நிற்கும். பூவிதழ் பிறக்கும்போதே சவ்வுபோல இருப்பதால் பறித்த பிறகு வாடி உதிர அதில் ஈரம் அதிகமில்லை. போன போகிக்குக் கட்டிய காப்பு இந்த மார்கழி வரைக்கும் கூரையில் அப்படியே தொங்குவதற்குக் காரணம் இதுதான். மாலை கட்டும் வாடாமல்லியும் இதே குடும்பம். அது வாடாமல் இருப்பதும் இப்படித்தான். புத்தகத்தில் ‘சவ்வு போன்ற பூவிதழ்’ என்று இரண்டு மூன்று சொல்லில் முடிந்துபோகிற விஷயத்தை நம் வீட்டு வாசல் வருஷம் முழுக்கக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அமரந்தேசி நம் சமையலறைக் குடும்பமும்கூட. முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை எல்லாம் அதில்தான் வரும். கடையில் கிடைக்காத பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் அதில்தான். என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழைக்குப் பிறகு நிலக்கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போனால், பிடுங்கும் களையில் எது உலைக்கு, எது மாட்டுக்கு, எது வரப்புக்கு வெளியே என்று கை பார்க்காமலே பிரிக்கும். பண்ணைக்கீரை பூவெடுத்தால் ருசி போய்விடும், அதற்கு முன்னால் கிள்ள வேண்டும் என்பார்கள். களைக்கொல்லி அடிக்கத் தொடங்கிய கொல்லைகளில் இந்தக் கீரைகள் தேடினாலும் கிடைப்பதில்லை என்று வருத்தப்படுவார்கள். ஆயாவுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி எடுப்பது இந்த ஆண்டு நான் செய்ய நினைக்கும் வேலைகளில் முதன்மையானது. செடி, ஆயா சொல்லும் பெயர், எந்த மாதம் முளைக்கும், எந்த மண்ணில் வரும், எப்படிச் சமைப்பது, எதற்கு மருந்து, யாருக்குக் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் நம் பாடப் பெயரும் குடும்பமும். ஆயாவுக்கு வயதாகிறது. பாடத்தை அடுத்த ஆண்டும் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஹெர்பேரியம். செய்முறைத் தேர்வுக்கு உலர்தாவரத் தாள்கள் ஒப்படைக்க வேண்டும். சீனியர்களின் பழைய தாளை வாங்கி லேபிளை மட்டும் மாற்றி வைப்பது பல கல்லூரிகளில் நடக்கிறது. கடையில் விலைக்கும் கிடைக்கிறது. அப்படிச் செய்பவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பஸ்ஸுக்கு ஓட வேண்டும், வீட்டுக்குப் போனால் வேலை காத்திருக்கும், எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் படிப்பிலேயே நம் கையில் முழுசாக விட்டிருக்கிற வேலை இது ஒன்றுதான். இதையும் விலைக்கு வாங்கிவிட்டால் தாவரவியல் படித்தோம் என்று எதைக் காட்டுவது?

செய்வதற்கு வசதி எதுவும் வேண்டாம். பூவோ காயோ இருக்கும் செடியாகப் பார்த்து, சின்னப் பூண்டாக இருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். மண்ணை உதறி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பி வைக்க வேண்டும். இலைகளில் ஒன்றிரண்டு பின்பக்கம் தெரியும்படி திரும்பியிருக்க வேண்டும், நரம்பும் மயிரும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். தாளைவிடச் செடி நீளமாக இருந்தால் வெட்டாமல் வளைத்து மடிக்கலாம். மேலே பலகையும் கல்லும் பாரமாக. முதல் சில நாட்கள் தினமும் செய்தித்தாளை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து இலை கறுத்துவிடும். பிரண்டை போன்ற சதைப்பற்றுச் செடியைக் கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டு அழுத்த வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்திலேயே துளிர்விடும். காய்ந்ததும் 42க்கு 29 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் லேபிள்.

அந்த லேபிள்மேல்தான் எனக்கு ஆசை அதிகம். தாவரப் பெயர், குடும்பம், உள்ளூர்ப் பெயர், இடம், நாள், சேகரித்தவர். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் நூறு ஆண்டுக்கு முன்னால் ஒட்டிய தாள்களும் உண்டு. இந்தச் செடி இந்த ஊரில் இந்த மாதம் பூத்து நின்றது என்று அன்றைக்கு யாரோ எழுதிவைத்ததால்தான், இன்று அது அங்கே இல்லை என்று ஒருவரால் சொல்ல முடிகிறது. நம் ஊர்ப் பெயரும் நம் பெயரும் உள்ள தாளுக்கும் அந்த மதிப்பு உண்டு, ஒழுங்காகச் செய்தால். லேபிள் மாற்றிய தாளில் இடமும் நாளும் பொய். செடி உண்மையாக இருந்தும் பயனில்லை.

பெயர் கண்டுபிடிப்பதற்கு கேம்பிள் இருக்கிறார். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி, அவர் இறந்த பிறகு ஃபிஷர் முடித்த மெட்ராஸ் மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. நம் நூலகக் கண்ணாடி அலமாரியில் அது இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நமக்கு அதன் ஆங்கிலத்தைத் திறந்து பார்த்ததுமே மூடிவிடத் தோன்றும். நான் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். அதில் கதை இல்லை, நீண்ட வாக்கியங்கள் இல்லை. இலை முட்டை வடிவமா ஈட்டி வடிவமா, மயிர் உண்டா இல்லையா, காய் வெடிக்குமா வெடிக்காதா என்று ஒரே மாதிரிச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு படியிலும் இரண்டு வழி கொடுத்திருப்பார்; கையில் இருக்கும் செடிக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். கடைசியில் பெயர் வரும். இலையைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஆங்கிலம் இது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டப் பணமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல வாசல் என்று நம்புகிறேன். ஆண்டு முடிவதற்குள் யாருடைய உதவியும் இல்லாமல் முன்பின் தெரியாத செடி ஒன்றைக் கேம்பிளை வைத்துக் கண்டுபிடித்துவிட வேண்டும். பழைய நூல் என்பதால் பெயர்கள் சில மாறியிருக்கும். நம் ஆவாரம் அதில் காசியா. இப்போது சென்னா ஆரிகுலேட்டா. மாறிய பெயரைச் சரிபார்க்க மேடம் இருக்கிறார்கள், இணையம் இருக்கிறது.

ஆவாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தருமபுரி ரோட்டோரம் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியைக் காலை வெயிலில் கிட்டப் போய்ப் பாருங்கள். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ‘கிர்’ என்று வேறு ஒரு சத்தம் எழுப்பும். பறக்கும்போது வரும் சத்தம் இல்லை அது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, வண்டு வருவது மகரந்தத்துக்காக மட்டும். அந்த மகரந்தப்பை மற்ற பூக்களில் இருப்பதுபோல நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் சின்னத் துளை மட்டும்தான். வண்டு உடம்பை அதிரவைத்தால்தான் துளை வழியாக மகரந்தம் கொட்டும். ‘துளை மூலம் வெடித்தல்’ என்று நம் நோட்ஸில் ஒரு வரி இருக்கிறதே, அது இதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வரி ஜென்மத்துக்கும் மறக்காது.

செடிகளை இப்படிக் கிட்டப் பார்ப்பதற்காகக் கை லென்ஸ் ஒன்று வாங்கப் போகிறேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என் கணக்கில் ஏறுகிறது. இதுவரை அது வீட்டுச் செலவோடு கலந்துபோயிற்று, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பணம் நம் படிப்புக்கென்று வருவது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பணம் வாங்கும் தம்பிமார்களுக்கும் சொல்கிறேன், ஒரு மாதப் பணத்தில் ஒரு பங்கையாவது உங்கள் பாடத்துக்கான ஒரு பொருளாக மாற்றுங்கள். அம்மாவிடம் சொன்னேன். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த களைப்பிலும், “கண்ணாடி வாங்குனா எனக்கும் காட்டு, என்னத்த பாக்குறன்னு பாக்கிறேன்” என்றார்கள்.

வகுப்பறைக்குள்ளும் எனக்கு ஓர் இலக்கு உண்டு. புரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே எழுந்து புரியவில்லை என்று சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்ததும் வராண்டாவில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம், யாருக்கும் தெரிவதில்லை, அப்படியே தேர்வு வந்துவிடுகிறது. கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான் எல்லோருக்கும். சிரிக்காமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது? செமினாரிலும் இதேதான். தாளைப் பார்த்து ஒப்பிப்பதற்குப் பதிலாக, செடியையே கையில் வைத்துக்கொண்டு முதலில் தமிழில் சொல்லி, பிறகு அதையே தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லலாம். நம்மில் யார் தடுமாறினாலும் மற்றவர்கள் பொறுமையாகக் கேட்போம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

செல்போனைக் குறைப்பது பற்றியும் சிலர் எழுதியிருந்தீர்கள், நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அம்மாவின் தலைமாட்டில் அது இருக்கும்.

ஆண்டு முழுக்க நீளும் வேலை ஒன்று இருக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் புங்கமரத்தை வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது. தளிர் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு, மொட்டு, மலர்ந்த பூ, பிஞ்சு, முற்றிய காய் என்று தனித்தனியாக ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். சீசன்வாட்ச் என்ற பெயரில் இந்தியா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பொதுமக்களும் இப்படித்தான் மரங்களைக் கவனித்துத் தகவல் சேர்க்கிறார்கள். மழையும் வெயிலும் தவறும்போது மரங்கள் பூக்கும் காலமும் மாறுகிறதா என்று அறிய இந்தக் குறிப்புகள் வேண்டும். பறவை பிடித்தவர்களுக்குப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கிறது, கால் மணி நேரம் நின்று பார்த்துப் பதிவு செய்தாலே போதும். லீவில் வீட்டில் இருக்கும்போதே செய்யலாம்.

பொங்கல் என்றால் கரும்பு. கரும்பு என்றால் எனக்கு ஜானகி அம்மாள். 1897இல் தலசேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தவர். 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்துக்கு வந்து, கரும்போடு மற்றப் புல்லினங்களைக் கலந்து குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதே நிலையத்தில்தான் அவருக்கு முன்பே பார்பரும் வெங்கட்ராமனும் கரும்பையும் நாணல் வகைக் காட்டுப்புல்லையும் இணைத்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கியிருந்தார்கள். 1918இல் வெளிவந்த அந்த ரகத்தின் பெயரில் உள்ள ‘கோ’ நம் கோயம்புத்தூர்தான். ஜானகி அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிவந்து, எண்பது வயது தாண்டியும் சென்னை மதுரவாயலில் செடிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். பொட்டப்புள்ளைக்கு எதற்குச் செடி கொடி படிப்பு என்று கேட்கும் உறவுக்காரர்கள் எனக்கும் உண்டு, உங்களில் பலருக்கும் உண்டு. அவர்களிடம் சொல்ல இந்தப் பெயரை நாம் வாய்நிறைய வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதுவதால் குரூப் ஃபோர் படிப்பவர்களைத் திசைதிருப்புகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை நமக்கு அவசியம். நானும் எழுதத்தான் போகிறேன், 200 கேள்வியில் 100 தமிழ் என்பது நமக்குச் சாதகம்தானே. கூடவே வனத்தொழில் பழகுநர் தேர்வையும் மனதில் வையுங்கள். தாவரவியல் பட்டம் பெற்றவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். காட்டில் வேலை கிடைத்தால் அங்கே கேள்வித்தாள் இருக்காது, செடிதான் இருக்கும். வேலைக்காகப் படிப்பதும் ஆசைக்காகப் படிப்பதும் நம் பாடத்தில் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதுதான் என் நம்பிக்கை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி என்று திசைக்கொருவராக வருகிறோம். சித்தேரி மலையிலிருந்தும் வருகிறார்கள். ஒவ்வொருவரும் பொங்கல் லீவு முடிந்து திரும்பும்போது சொந்த ஊரிலிருந்து ஒரு செடியை அழுத்திக் கொண்டுவாருங்கள். வீட்டில் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதுங்கள், நோட்ஸில் இருக்கும் பெயருக்காகத் திருத்த வேண்டாம். ஒரே செடிக்கு பென்னாகரத்தில் ஒரு பெயரும் அரூரில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டும் வேண்டும். அந்த இடத்தில் அந்தச் செடி ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது என்றால் பறிக்காதீர்கள், போட்டோ எடுத்தால் போதும். சித்தேரித் தோழர்கள் காப்புக்காடு பக்கம் எதையும் எடுக்க வேண்டாம், வீட்டைச் சுற்றியிருப்பதே எங்களுக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

லீவு முடிந்து வரும் முதல் சனிக்கிழமை காலை லேபில் கூடுவோம். மேடத்திடம் பேசிவிட்டேன். கிழக்கு ஜன்னல் ஓரத்து பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை மொத்தமாக வாங்கினால் விலை குறையும், எத்தனை பேர் வருவீர்கள் என்று மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாள் எவ்வளவு இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
மூன்றாவது பெஞ்சிலிருந்து
உங்கள் வகுப்புத் தோழி